எந்த ஸ்கூல் போடப் போறீங்க?

லண்டனில் ஹாரோ பக்கம் இயர் ஃபைவ் பிள்ளை வைத்திருக்கும் தமிழ் அம்மா அப்பாவைக் கோயிலில் பார்த்தால், நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடும்: “எந்த ஸ்கூல் போடப் போறீங்க?” பிள்ளைக்கு ஒன்பது வயது. பால்பல் எல்லாம் இன்னும் விழுந்திருக்காது. அதற்குள், பதினொரு வயதில் செகண்டரி பள்ளிக்குப் போனபின் ஏழு வருடம் அவள் எந்தக் கட்டடத்தில் இருப்பாள் என்று பிரசாத வரிசையில் நின்றுகொண்டே ஒரு மாநாடு நடந்து முடிந்துவிடும்.

என் மகள் இப்போது இயர் செவன். என் தம்பி குடும்பம் ஸ்லவ்வில் இருக்கிறது. அவர்களுடைய பையன் இயர் ஃபோர். தம்பி மனைவி போன வாரம் போனில் கேட்டாள்: “அண்ணி, அகாடமிங்கறாங்க, கிராமருங்கறாங்க, ஃப்ரீ ஸ்கூலுங்கறாங்க. எது நல்லது, எது கெட்டதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.” அது அவ்வளவு சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அவளிடம் ஒன்றரை மணிநேரம் பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அவள் மாதிரி குழம்பி நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் பெயர்ப்பலகை. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதே என்றேன். கிராமர் என்றால் நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசுப் பள்ளி என்பது பேச்சு. என்ஃபீல்டு கிராமர் ஸ்கூலுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. அது எல்லாப் பையன்களையும் சேர்த்துக்கொள்ளும் காம்ப்ரிஹென்சிவ். வாட்ஃபோர்டு கிராமர் என்று பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று இருக்கின்றன. இரண்டிலும் ஒரு பகுதி இடங்கள் மட்டும்தான் தேர்வுக்கு, கொஞ்சம் இசைத் திறமைக்கு. மிச்சமெல்லாம் வேறு விதிகளின்படி போகும். மான்செஸ்டர் கிராமர் ஸ்கூல் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. எட்மன்டனில் இருக்கும் லாட்டிமர் அரசுச் செலவில் நடக்கும் கிராமர். ஹாமர்ஸ்மித்தில் இருக்கும் லாட்டிமர் அப்பர் தனியார். எட்வர்டு லாட்டிமர் என்ற ஒரே மனிதர் 1624-இல் எழுதிவைத்த உயிலில்தான் இரண்டுக்கும் வேர். வாலிங்டன் ஹை ஸ்கூல் ஃபார் கேர்ள்ஸ் பெயரில் ‘கிராமர்’ இல்லவே இல்லை. ஆனால் தெற்கு லண்டன் சட்டனில் பெற்றோர் அலைமோதும் கிராமர்களில் அது ஒன்று.

எங்கள் ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. மகளுக்கு ஹாரோவில் இடம் கிடைத்துவிட்டது என்று தஞ்சாவூரில் சித்தப்பாவிடம் சொன்னதும், “நேரு படிச்ச ஸ்கூலாம்மா?” என்றார். மறுநாள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. குன்றின் மேலிருக்கும் ஹாரோ ஸ்கூல் பையன்களுக்கு மட்டுமான விடுதிப் பள்ளி. நேருவும் சர்ச்சிலும் படித்தது அங்கேதான். இப்போது ஆண்டுக் கட்டணம் 60,000 பவுண்டைத் தாண்டும். ஹாரோ ஹை ஸ்கூல் என்பது வேறு. அது கீழே இருக்கும் சாதாரண அரசுப் பள்ளி. இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. 1572-இல் ஜான் லயன் என்ற உள்ளூர் விவசாயி எலிசபெத் அரசியிடம் பட்டயம் வாங்கி அந்தப் பள்ளியைத் தொடங்கியதே ஊர்ப் பையன்களுக்காகத்தான். போகப் போக வெளியூர்ச் சீமான் வீட்டுப் பிள்ளைகள் வந்து நிறைந்துவிட, உள்ளூர்க் குடும்பங்களுக்கென்று 1876-இல் கீழ்ப்பள்ளி ஒன்று தனியாக ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஜான் லயன் பெயரில் இன்றும் இருக்கிறது. அதற்கும் இப்போது கட்டணம் உண்டு. வைக்கோல் தொப்பி போட்ட பையன்கள் குன்றிலிருந்து இறங்கி வரும்போது இதை ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

தனியார் பள்ளிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பப்ளிக் ஸ்கூல் என்றால் பணம் கட்டும் பள்ளிகளிலேயே பழம்பெருமை உள்ளவை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எங்கள் பக்கம் நார்த் லண்டன் காலிஜியட், ஹேபர்டாஷர்ஸ், மெர்ச்சன்ட் டெய்லர்ஸ் என்ற பெயர்கள்தான் பேச்சில் அடிபடும். வீட்டிலிருந்து போய்வரவே வருடத்துக்கு 20,000 பவுண்டுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து அதன் மேல் 20 விழுக்காடு வாட் வரி. இங்கிலாந்தில் சுமார் 7 விழுக்காடு பிள்ளைகள்தான் இப்படிப் படிக்கிறார்கள். கையில் இருக்கிறது, கட்டுகிறார்கள் என்றால் அது அவர்கள் இஷ்டம். ஆனால் எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்தி கட்டணத்துக்காக வாரம் தவறாமல் பேங்க் ஷிஃப்ட் என்ற கூடுதல் வேலை எடுத்து, சனி ஞாயிறு வீட்டிலேயே இல்லாமல் போனாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது வேண்டியிருந்தது நீச்சல்குளம் உள்ள பள்ளியா, சனிக்கிழமை வீட்டில் இருக்கும் அம்மாவா என்று கேட்டால் என் பதில் எனக்குச் சட்டென்று வரும். பர்சரி என்ற உதவித்தொகை உண்டு, சில இடங்களில் முழுக் கட்டணத்துக்கும். கேட்கக் கூச்சப்படாமல் பள்ளிக்கே போன் செய்து விசாரிக்க வேண்டும்.

நான் படித்தது தஞ்சாவூரில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. எங்கள் கணக்கு டீச்சர் சாக்பீஸ் தீர்ந்துபோனால் விரலைத் தண்ணீரில் தொட்டுக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். காய்வதற்குள் நாங்கள் நோட்டில் இறக்கியாக வேண்டும். அந்தக் கணக்குதான் இன்றைக்கு ஆஸ்பத்திரி லேபில் எனக்குச் சோறு போடுகிறது. காசு கட்டினால்தான் நல்ல படிப்பு என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அந்த எண்ணத்தை ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து இங்கேயும் விரிக்க வேண்டாம். இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் அரசுப் பள்ளியில்தான்.

சரி, கிராமர். நம்மவர்கள் மூச்சு விடுவதே இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் நின்று பேசுவோம். 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு பதினொரு வயதில் ஒரு தேர்வு வைத்து, தேறியவர்கள் கிராமருக்கு, மற்றவர்களில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்னுக்கு என்று பிரித்தார்கள். 1965-இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டு, எல்லாரும் ஒன்றாகப் படிக்கும் காம்ப்ரிஹென்சிவுக்கு மாறச் சொன்னது. பெரும்பாலான ஊர்கள் மாறின, சில மாறவில்லை. 1998-இல் வந்த சட்டம் புதிய கிராமர் பள்ளி தொடங்குவதையே தடுத்துவிட்டது. மிச்சம் இருப்பவை இங்கிலாந்து முழுக்க 163. கென்ட், பக்கிங்காம்ஷயர், லிங்கன்ஷயர் பக்கம் அதிகம். லண்டனில் சட்டன், கிங்ஸ்டன், பெக்ஸ்லி, ப்ராம்லி, பார்னெட், என்ஃபீல்டு, ரெட்பிரிட்ஜ். எங்கள் ஹாரோவில் ஒன்றுகூட இல்லை. ஆகவே இங்கிருந்து பையன்கள் பார்னெட்டில் இருக்கும் குயின் எலிசபெத் பள்ளிக்கும், பெண்கள் ஹென்ரியட்டா பார்னெட்டுக்கும், இன்னும் சிலர் ஸ்லவ்வுக்கும் போகிறார்கள். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் அரசு கிராமரே கிடையாது. கிளாஸ்கோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இந்தப் பேச்சு சுத்தமாகப் புரியாது. முகவரிக்குரிய பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு அவள் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறாள். வட அயர்லாந்தில் கிராமர் இன்றும் தழைத்திருக்கிறது.

தம்பி மனைவிக்கு நான் அழுத்திச் சொன்னது இது. கிராமர் இருக்கும் ஊரில் தேர்வில் தேறாதவர்கள் போகும் பள்ளி, காம்ப்ரிஹென்சிவ் என்று சொல்லிக்கொண்டாலும், முழுமையான காம்ப்ரிஹென்சிவ் ஆகாது. பரீட்சையில் கெட்டிக்காரப் பிள்ளைகளில் பலரை முன்னாலேயே பக்கத்துப் பள்ளி எடுத்துக்கொண்டுவிடுகிறது. பிறகு இரண்டின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பார், இது நல்ல பள்ளி, அது சுமார்’ என்பது பொன்னி அரிசியை வடித்துவிட்டு அடுப்பைப் பாராட்டுவது போலத்தான்.

இந்தத் தேர்வுக்காக நம் பிள்ளைகள் படும் பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணம். அவர் மூத்த மகன் பார்னெட்டுக்குப் போகிறான். என் மகள் இயர் ஃபோரில் இருந்தபோது வேலியருகே நின்று, “என்ன தங்கச்சி, பிள்ளைக்கு இன்னும் டியூசன் தொடங்கேல்லையே?” என்றார். பிறகு சேர்த்தோம். வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடம். ஒரு அறையில் தமிழ் வகுப்பு, அடுத்ததில் மிருதங்கம், அதற்கடுத்ததில் பதினொன்பிளஸ் என்ற இந்த கிராமர் தேர்வுக்குப் பயிற்சி. என் மகளின் நான்வெர்பல் ரீசனிங் புத்தகம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு வட்டம், உள்ளே சாய்ந்த கோடு, மூலையில் கறுப்புப் புள்ளி. அதைத் திருப்பினால் ஐந்து பெட்டியில் எது வரும்? அவள் புத்தகத்தையே திருப்பிப் பார்ப்பாள். தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். ஒரு நாள், “அம்மா, இது பெரியவங்க எந்த வேலைக்குப் பயன்படுத்துவாங்க?” என்று கேட்டாள். மைக்ரோஸ்கோப்பில் செல்களைப் பார்த்துப் பிழைக்கும் எனக்கே அதற்கு நேர்மையான பதில் ‘எதற்கும் இல்லை’ என்பதுதான். அப்படியே சொன்னேன். “அப்ப சரி, வேகமா முடிச்சிடறேன்” என்று உட்கார்ந்தாள்.

ஹென்ரியட்டா பார்னெட்டில் நூற்றுச் சொச்சம் இடத்துக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதுகிறார்கள். என் மகளுக்கு முதல் சுற்றோடு முடிந்தது. அழுதாளா என்றால் இல்லை. டியூசன் நின்ற சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். பக்கத்து வீட்டு அக்காதான் அப்போது எனக்கு நல்ல வார்த்தை சொன்னவர். அவர் இளைய மகள் இங்கே பக்கத்துக் காம்ப்ரிஹென்சிவில் படிக்கிறாள், பள்ளியின் டிபேட் அணியில் இருக்கிறாள். “ரெண்டும் என்ரை பிள்ளையள்தான் தங்கச்சி. ஒண்டு சோதினை எழுதி வெல்லும், மற்றது கதைச்சே வெல்லும்.” கிராமர் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. புதிர்க் கணக்கில் ஆசை உள்ள பிள்ளைக்கு அந்த இடம் சொர்க்கம். ஆனால் தேறாத பிள்ளையிடம் வீட்டில் எல்லாரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படிச் செய்வது பெரிய தப்பு.

அகாடமி என்ற பெயரைக் கேட்டு மிரளவோ மயங்கவோ ஒன்றும் இல்லை. 2002-இல் முதல் அகாடமிகள் வந்தபோது தடுமாறிக்கொண்டிருந்த பள்ளிகளைத் தூக்கி நிறுத்த வந்தவை அவை. 2010-க்குப் பிறகு நன்றாக நடக்கும் பள்ளிகளும் மாறலாம் என்று ஆனதும் வரிசையாக மாறிவிட்டன. இன்று இங்கிலாந்தின் செகண்டரி பள்ளிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அகாடமிதான். உள்ளாட்சியான கவுன்சிலை விட்டு, மத்திய அரசிடமிருந்து நேராகப் பணம் வாங்கி ஒரு டிரஸ்ட் நடத்துகிறது, அவ்வளவுதான். கட்டணம் கிடையாது. டிரஸ்ட் எது, அதன் கையில் எத்தனை பள்ளிகள், மற்றவை எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது உபயோகமான வேலை. ஃப்ரீ ஸ்கூல் என்பது புதிதாகத் தொடங்கப்பட்ட அகாடமி. வெம்பிளியில் 2014-இல் வந்த மிக்கேலா அப்படிப்பட்டது. நடைபாதையில் பேசக் கூடாது என்கிற அளவுக்குக் கண்டிப்பு. பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் பிள்ளைகள் காட்டிய முன்னேற்றம் 2024 கணக்குப்படி நாட்டிலேயே உச்சியில். சிலர் கும்பிடுகிறார்கள், சிலர் வாசல்படி மிதிக்க மாட்டோம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்து நாம் முடிவு செய்ய வேண்டும். ஈஸ்ட் ஹாமில் பிராம்ப்டன் மேனர் இருக்கிறது. அதன் சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பதினாறு வயதுக்குப் பிறகான கடைசி இரண்டு வருடப் பிரிவு, 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் அழைப்புகளின் எண்ணிக்கையில் பேர்போன தனியார் பள்ளியான ஈட்டனை முந்தியது. நம்மவர்கள் ஈஸ்ட் ஹாமில் கடை வைத்துப் பிழைக்க ஆரம்பித்த காலத்தில் அந்த வட்டாரத்தை எப்படிப் பேசினார்கள் என்று பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: அந்த சிக்ஸ்த் ஃபார்மில் சேர நல்ல ஜிசிஎஸ்இ மதிப்பெண் வேண்டும். பதினொரு வயதில் சேரும் பள்ளியும் பதினாறு வயதில் சேரும் பிரிவும் ஒரே கட்டடமாக இருந்தாலும் கணக்கு வேறு.

மதச் சார்புப் பள்ளிகளும் அரசுப் பணத்தில்தான் நடக்கின்றன. என் தோழி ஒருத்தி தூத்துக்குடி. மகளுக்கு ஞானஸ்நானம் ஊரில் பனிமய மாதா கோயிலில். கத்தோலிக்கப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஞானஸ்நானச் சான்றிதழ், பங்குத் தந்தை கையெழுத்திட்ட தாள், அதோடு பள்ளியின் தனிப் படிவம். கவுன்சில் படிவத்தோடு இதைச் சேர்த்து அனுப்பாவிட்டால் ஆயிரம் பூசை பார்த்திருந்தாலும் மதத்தின் பேரில் வரும் முன்னுரிமை கிடைக்காது. அவள் அத்தை சான்றிதழைக் கூரியரில் அனுப்பி, கூடவே மக்ரூனும் வைத்திருந்தாள். ஹாரோவிலேயே 2008-இல் வந்த கிருஷ்ணா அவந்தி, அரசுச் செலவில் நடக்கும் முதல் இந்துத் தொடக்கப் பள்ளி.

இனி பேர். பள்ளியின் வகையைக்கூட ஒரு மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம்; பேரைப் பிரித்துப் பார்க்கத்தான் பொறுமை வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியைப் பற்றி, “ஐயோ, அங்கயா, சண்டை ஸ்கூலாச்சே” என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். சொன்ன ஒருவருக்கும் அங்கே பிள்ளை இல்லை. விசாரித்து விசாரித்துப் போனால், பஸ் ஸ்டாப்பில் என்றைக்கோ நடந்த ஒரு அடிதடியில் போய் முடிந்தது. அதில் அடித்த பையன்களுக்கு இப்போது கல்யாணமே ஆகியிருக்கும். நடுவில் தலைமையாசிரியர் மாறி, கட்டடம் மாறி, பாதி ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். பேர் மட்டும் அப்படியே நிற்கிறது. நல்ல பேருக்கும் இதே கதைதான். யாரோ ஒரு டாக்டரின் மகன் பதினைந்து வருடம் முன்னால் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போனதை வைத்து இன்றைக்கும் வீட்டு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்.

பேசுகிறவர் யார் என்று பார்த்தால் பேச்சு தானாகப் பிரியும். “ரொம்ப அகடமிக்” என்று இயர் செவன் அம்மா சொன்னால் வீட்டுப்பாடம் அதிகம். அதையே இயர் டென் அம்மா சொன்னால், பிள்ளைக்குப் பிடித்த டிராமாவை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்க வேண்டியதாகிவிட்டது என்று பொருள். “பிள்ளைங்கள நல்லா பாத்துக்கறாங்க” என்பதைப் பலர் மதிப்பெண் சுமார் என்பதன் நாசூக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை முழு மார்க் போட்டு எடுத்துக்கொள்வேன். “அங்க எல்லா மாதிரி ஆளுங்களும் வர்றாங்க” என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவரிடம் நான் நின்று கேட்பேன்: எந்த மாதிரி? பெரும்பாலும் பதில் வராது. வந்தால் அது தோல் நிறத்தைப் பற்றியோ, கவுன்சில் வீட்டைப் பற்றியோ, மதத்தைப் பற்றியோ இருக்கும். ஊரில் ‘அங்கே யார் யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்குது’ என்று கேட்பார்களே, அதே கேள்விதான் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நம்மையே அந்த ‘எல்லா மாதிரி’யில் சேர்த்துப் பேசுகிற வெள்ளைக்காரர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். இதில் நாம் கூட்டுச் சேரவே கூடாது.

வாசல் வேலியில் தொங்கும் ஆஃப்ஸ்டெட் பேனருக்கு வருவோம். ஆஃப்ஸ்டெட் என்பது பள்ளிகளை ஆய்வு செய்து மதிப்பிடும் அரசு அமைப்பு. ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும்; ஓரத்தில் வருடம் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. அந்தச் சின்ன எழுத்தைத்தான் நான் முதலில் படிப்பேன். 2012 முதல் 2020 வரை அந்த மதிப்பு பெற்ற பள்ளிகளுக்கு வழக்கமான ஆய்விலிருந்தே விலக்கு இருந்தது. பத்து வருடத்துக்கும் மேல் யாரும் உள்ளே வந்து பார்க்காத பள்ளிகள் பல. 2023 ஜனவரியில் ரெடிங்கில் ரூத் பெரி என்ற தலைமையாசிரியர் ஒரு ஆய்வுக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வுக்கு அதில் பங்கு உண்டு என்று விசாரணையில் அந்த வருட இறுதியில் தீர்ப்பாயிற்று. 2024 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றை வார்த்தை மதிப்பு நின்றுபோனது. 2025 நவம்பரிலிருந்து வருகையும் நடத்தையும் ஒன்று, பாடத்திட்டமும் கற்பித்தலும் ஒன்று என்று பகுதி பகுதியாக மதிப்பிடும் அறிக்கை. எனக்கு இது நிம்மதி. ஆயிரம் பிள்ளைகள், நூறு ஆசிரியர்கள் இருக்கும் இடத்தை ஒரு வார்த்தையில் அடைக்கப் பார்த்ததே அநியாயம். அறிக்கையை முழுதாகப் படியுங்கள், சில பக்கங்கள்தான். ‘சில வகுப்புகளில் கவனம் சிதறுகிறது’ என்று ஒரு வரி நடுவில் இருக்கும். எல்லாம் அந்த வரியில் இருக்கும்.

எண்களில் ப்ராக்ரஸ் எய்ட் என்று ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளி முடிக்கும்போது இருந்த இடத்திலிருந்து ஜிசிஎஸ்இக்குள் பிள்ளை எவ்வளவு முன்னேறியது என்று பார்ப்பது. பூஜ்யம் என்றால் சராசரி. மொத்த மதிப்பெண்ணைவிட இதுவே நியாயம். ஆனால் 2025, 2026 தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கொரோனாவால் இயர் சிக்ஸ் தேர்வே நடக்காததால் அந்த வருடங்களுக்கு இந்த எண் கிடையாது. பழைய எண்ணைக் காட்டிப் பேசுபவர்களிடம் எந்த வருடம் என்று கேளுங்கள்.

எண்களைவிட எனக்கு உதவியது பள்ளியை நேரில் பார்த்தது. செப்டம்பர், அக்டோபரில் ஓப்பன் ஈவினிங் வைப்பார்கள். சயின்ஸ் லேபில் பன்சன் அடுப்பில் செம்பு உப்பைத் தூவிப் பச்சைத் தீ காட்டுவார்கள், மண்டபத்தில் வயலின், தலைமையாசிரியர் உரை. எல்லாப் பள்ளியிலும் அந்தத் தீ பச்சைதான். என் கவனம் சுற்றிக்காட்ட வந்த பிள்ளையின் மேல். மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்கிய பிளேசர். கை விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அவளிடம் கேட்டேன்: மழை பெய்தால் லஞ்ச் நேரத்தில் எங்கே இருப்பீர்கள்? வகுப்பு நேரத்தில் டாய்லெட் பூட்டியிருக்குமா? சாப்பாட்டுக் கணக்கில் காசு இல்லையென்றால் என்ன செய்வார்கள்? ஒரு பள்ளியில், “லைப்ரரிக்குப் போவோம், மிஸ் போர்டு கேம் வெச்சிருப்பாங்க, காசு இல்லன்னா எழுதிக்கிட்டு சாப்பாடு குடுத்துருவாங்க” என்று மூச்சு விடாமல் சொன்னாள். இன்னொரு பள்ளியில் கேட்ட பையன் பக்கத்தில் நின்ற ஆசிரியரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தான். அந்த ஒரு திரும்பல் எனக்குப் போதுமாக இருந்தது. முடிந்தால் பகலில், பாடம் நடக்கும்போதும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மணி அடித்ததும் நடைபாதையில் பிள்ளைகள் எப்படி நடக்கிறார்கள், ஆசிரியர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்பதையெல்லாம் அப்போதுதான் பார்க்க முடியும்.

கடைசியாகப் படிவம். அக்டோபர் 31 கெடு. லண்டனில் ஆறு பள்ளிகள் வரை வரிசைப்படுத்தலாம். இதில்தான் வாட்ஸப் வதந்தி அதிகம். ‘முதலிடத்தில் போடாவிட்டால் அந்தப் பள்ளி கோபித்துக்கொள்ளும்’, ‘ஒன்று மட்டும் எழுதினால் வேறு வழியில்லாமல் அதையே கொடுப்பார்கள்’. இரண்டும் பொய். நம் வரிசையைப் பள்ளி வைத்து முடிவு செய்ய முடியாது. முதல் விருப்பக்காரர்களுக்கு முன்னுரிமை தரும் பழைய முறையை 2007 விதித்தொகுப்பே தடை செய்துவிட்டது. ஒவ்வொரு பள்ளியும் தன் விதிப்படி, அதாவது அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், உடன்பிறந்தவர், தூரம் என்று பட்டியலிடும். எத்தனை பள்ளிகளில் நம் பெயர் தேறுகிறதோ, அவற்றில் நாம் மேலே எழுதிய ஒன்றை மட்டும் கணினி தரும். ஆகவே உண்மையில் எது அதிகம் பிடிக்கிறதோ அதை மேலே எழுதுங்கள். கீழே, போன வருடம் கடைசியாக இடம் கொடுத்த தூரத்துக்குள் நம் வீடு தாராளமாக அடங்கும் பள்ளி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். ஒன்றே ஒன்று எழுதி அது கிடைக்காமல் போனால், மிச்சம் இருக்கும் இடம் எங்கேயோ அங்கேதான் போக வேண்டும்.

மார்ச் 1-ஐ ஒட்டி முடிவு வரும். விரும்பியது வராவிட்டால் காத்திருப்புப் பட்டியல் உண்டு, மேல்முறையீடும் உண்டு. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டால் பட்டியலில் இருந்து பெயர் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். தனியாருக்கும் தூரத்து கிராமருக்கும் போகிறவர்கள் இடத்தை விட விட, பட்டியல் கோடை வரை நகர்ந்துகொண்டே இருக்கும். தூத்துக்குடித் தோழியின் மகளுக்கு, முதலில் எழுதியிருந்த பள்ளியிலிருந்து ஜூலையில் அழைப்பு வந்தது. அதற்குள் அவள் மார்ச்சில் கிடைத்த பள்ளியின் அறிமுக நாளுக்குப் போய்வந்திருந்தாள். அங்கே அவளுக்கு ஒரு சினேகிதி கிடைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து ட்ரம்பெட் கற்கப் பெயரும் கொடுத்துவிட்டார்கள். புதிய அழைப்பை வேண்டாம் என்று அவளே சொன்னாள். அம்மா இரண்டு நாள் புலம்பினாள், பிறகு பள்ளிக்கு மறுத்து மின்னஞ்சல் எழுதினாள். இப்போது அவர்கள் வீட்டில் தினமும் மாலை ட்ரம்பெட் சத்தம்.